அங்குலத்தில் வரவு, பவுண்டில் செலவு

கலிஃபோர்னியாவில் டி.வி. வாங்கினால் பில்லில் விலை தனியாக, விற்பனை வரி தனியாக, அவற்றோடு சில்லறையாக இன்னொரு தொகையும் தனியாக அச்சாகி வரும். மின்னணுக் கழிவுக் கட்டணம் என்று அதற்குப் பெயர். 2005 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. டி.வி., கணினி மானிட்டர், மடிக்கணினி, கையில் எடுத்துப்போகும் டி.வி.டி. பிளேயர் என்று, மூலைக்கு மூலை அளந்தால் நான்கு அங்குலத்துக்கு மேல் திரை உள்ள சாதனங்கள் இதில் அடங்கும். தொடங்கியபோது 15 அங்குலத்துக்குக் கீழே 6 டாலர், 15 முதல் 35 வரை 8 டாலர், அதற்கு மேல் 10 டாலர். கடைக்காரர் வசூலித்து அரசுக்குக் கட்டிவிட வேண்டும். தன் சிரமத்துக்கு நூற்றுக்கு 3 வீதம் எடுத்துக்கொள்ளலாம்.

வாங்குகிறவரைக் கேட்டால், இந்த டி.வி. நாளைக்குக் கெட்டுப்போனால் அதை அப்புறப்படுத்த இன்றே கொடுக்கும் முன்பணம் என்பார். பில்லைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த 8 டாலர் அந்த டி.வி.க்காக எந்தக் கணக்கிலும் காத்துக் கிடப்பதில்லை. கட்டிய சில மாதங்களிலேயே, யாரோ இருபது வருடம் முன்பு வாங்கி, பார்த்துச் சலித்து, கராஜில் போட்டு வைத்திருந்த பழைய பெட்டியை உடைக்க அது செலவாகிவிடும். அப்பா வாங்கிய கடனை மகன் அடைக்கிற கதைதான். மகன் வாங்கும் கடனைப் பேரன் அடைப்பான் என்ற நம்பிக்கையில் ஏற்பாடு ஓடுகிறது.

இப்படி ஒரு கடன் எப்படி வந்தது? காரணம் ஈயம். பழைய டி.வி.யின் பிக்சர் டியூபுக்குள், பின்பக்கக் கழுத்திலிருந்து புறப்படும் எலெக்ட்ரான்களை இருபத்தைந்து, முப்பதாயிரம் வோல்ட் இழுத்துக்கொண்டு போய் முன்பக்கம் மோத விடுகிறது. அவை மோதும் இடத்தில் படம் தெரிகிறது. கூடவே கொஞ்சம் எக்ஸ் கதிரும் பிறக்கிறது. கூடத்தில் உட்கார்ந்து செய்தி பார்க்கிறவர் மேல் அது படக் கூடாது என்றால் கண்ணாடியே அதைத் தடுக்க வேண்டும். அதற்காகத்தான் டியூபின் புனல் போன்ற பின்பகுதிக் கண்ணாடியில் எடைக்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்ஸைடு கலந்தார்கள். கழுத்துப் பகுதியில் இன்னும் அதிகம். முகப்புக் கண்ணாடிக்கு மட்டும் வேறு ஏற்பாடு: எலெக்ட்ரான் தொடர்ந்து படும்போது ஈயக் கண்ணாடி பழுப்பேறிவிடும் என்பதால், வண்ண டி.வி.யின் முகப்பில் ஈயத்துக்குப் பதில் பேரியமும் ஸ்ட்ரோன்ஷியமும் சேர்த்தார்கள். முகப்பையும் புனலையும் ஒட்டிய பசைக் கண்ணாடியிலோ பெரும்பகுதி ஈயமேதான். ஆக மொத்தம், ஒரு டியூபில் ஒன்றிரண்டு கிலோ ஈயம். பார்க்கிறவரைக் காப்பாற்றப் போட்டது, குப்பையானதும் நிலத்தடி நீருக்குக் கேடாகிவிட்டது.

2001-ல் கலிஃபோர்னியாவின் நச்சுப்பொருள் கட்டுப்பாட்டுத் துறை, வீசப்படும் பிக்சர் டியூப் அபாயக் கழிவுதான், சாதாரணக் குப்பைக் கிடங்கில் கொட்டக் கூடாது என்று தெளிவுபடுத்தியது. அறிவிப்பு நல்லது, செலவு யார் தலையில்? குப்பை அள்ளுவது நகராட்சிகளின் வேலை. டி.வி.க்களைத் தனியாகச் சேர்த்து, ஆள் வைத்துப் பிரித்து, கண்ணாடியைத் தகுந்த இடத்துக்கு அனுப்ப அவற்றிடம் பணம் இல்லை. மாநில செனட்டர் பைரன் ஷெர் 2002-ல் கொண்டுவந்த மசோதாவை ஆளுநர் கிரே டேவிஸ் தன் வீட்டோ அதிகாரத்தால் தடுத்தார். மறு வருடம் ஷெர் திருத்திக் கொண்டுவந்ததை, 2003 செப்டம்பரில், அதே டேவிஸ் கையெழுத்திட்டுச் சட்டமாக்கினார். அடுத்த மாதமே வாக்காளர்கள் திரும்ப அழைக்கும் தேர்தல் நடத்தி அவரை வீட்டுக்கு அனுப்பியது வேறு கதை. அமெரிக்காவில் மின்னணுக் கழிவுக்கென்று வந்த முதல் மாநிலச் சட்டம் இது.

சட்டம் வருமுன் நடந்த வாக்குவாதத்தில்தான் விஷயத்தின் சூட்சுமம் இருக்கிறது. உடைக்கும் செலவை மூன்று இடங்களில் வசூலிக்கலாம். வாங்கும்போது, வீசும்போது, அல்லது யாருக்கும் தெரியாமல் விலைக்குள்ளேயே.

வீசும்போது வசூலிப்பதுதான் நியாயம் என்று முதலில் படும். ஜப்பான் 2001 ஏப்ரலில் அதைத்தான் செய்தது. டி.வி., குளிர்சாதனப் பெட்டி, ஏ.சி., துணி துவைக்கும் இயந்திரம் எதைக் கழிக்க வேண்டுமானாலும் சொந்தக்காரர் காசு கட்ட வேண்டும். டி.வி.க்கு ஆரம்பத்தில் 2,700 யென். எடுத்துப்போகும் கூலி தனி. ஜப்பானியர்கள் ஒழுங்குக்குப் பேர்போனவர்கள். தொழிற்சாலைகளும் சிறப்பாக நடந்தன. அங்கேயே மலைச்சரிவிலும் ஆளில்லாத சாலையோரத்திலும் இரவோடு இரவாக டி.வி.க்கள் வந்து விழுந்தன, உள்ளூராட்சிகள் அவற்றைத் தேடிப் பொறுக்க வேண்டியதாயிற்று. கழிக்கிறவனிடம் காசு கேட்டால் கழிக்கிற இடத்தை மாற்றிக்கொள்வான். மனித சுபாவம்.

விலைக்குள் மறைப்பது ஐரோப்பாவின் வழி. உற்பத்தியாளரே பொறுப்பு, எப்படியாவது திரும்ப எடுத்துக்கொள் என்றது 2003-ல் வந்த ஐரோப்பிய ஒன்றிய உத்தரவு. ஆனால் அதுகூட, பழைய கழிவுக்கான செலவைச் சில வருடங்களுக்கு பில்லில் தனியாகக் காட்டிக்கொள்ள அனுமதித்தது. ஒன்றியத்தில் சேராத சுவிட்சர்லாந்து 1994-லேயே கணினி, அலுவலக இயந்திரங்களுக்கு வாங்கும்போதே கட்டணம் என்று தொடங்கிவிட்டிருந்தது.

அமெரிக்காவில் உற்பத்தியாளர்களே இரண்டு பட்டார்கள். நாடு முழுதுக்கும் ஒரே ஏற்பாடு வேண்டும் என்று 2001-ல் தொடங்கிய பேச்சுவார்த்தை சில வருடம் இழுத்து முறிந்தது. டி.வி. கம்பெனிகள் பில்லில் தெரியும் கட்டணமே வேண்டும் என்றன. கணினிக் கம்பெனிகளில் பெரியவை சில, அவரவர் சரக்கை அவரவர் எடுத்துக்கொள்வோம் என்றன. இதில் கொள்கையைவிடக் கணக்கே அதிகம். கணினி நாலைந்து வருடத்தில் திரும்பி வந்துவிடும். செய்த கம்பெனியும் உயிரோடு இருக்கும். டி.வி. பதினைந்து, இருபது வருடம் கழித்து வரும். அதற்குள் பல பெயர்கள் கைமாறியிருக்கும், சில மறைந்தே போயிருக்கும். இன்னொரு பக்கம், 2002-ல் கலிஃபோர்னியாவிலேயே பிறந்த விஸியோ போன்ற புதுக் கம்பெனிக்குக் குப்பையில் ஒரு பழைய பெட்டிகூட இல்லை. அவரவர் பழசை அவரவர் சுமப்பது என்றால், ஐம்பது வருடமாக டி.வி. விற்றவன் சுமையோடு ஓட வேண்டும், நேற்று வந்தவன் வெறுங்கையோடு ஓடுவான். எல்லார் பில்லிலும் ஒரே 8 டாலர் என்றால் இந்தத் தகராறே இல்லை. கலிஃபோர்னியா டி.வி.க்காரர்கள் பக்கம் சாய்ந்தது. பின்னால் சட்டம் போட்ட இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் ஏறக்குறைய எல்லாமே உற்பத்தியாளர் பொறுப்பு என்ற வழியில் போனதால், கலிஃபோர்னியா இதில் இன்றுவரை தனிமரம்.

கணக்கு இங்கேதான் சுவாரசியமாகிறது. கட்டணம் வருவது அங்குலத்தில். பணம் போவது பவுண்டில். ஆரம்பத்தில் மாநிலம் ஒரு பவுண்டு பழைய திரைக்கு 48 செண்ட் கொடுத்தது: சேகரித்துக் கொண்டுவந்தவருக்கு 20, பிரித்து உடைத்தவருக்கு 28. இருபத்தேழு அங்குலப் பழைய டி.வி. ஒன்று தோராயமாக 90 பவுண்டு இருக்கும். அதைத் தூக்கியவர்களுக்கு இடுப்பு இன்னும் ஞாபகம் வைத்திருக்கும். 90 பவுண்டுக்கு 43 டாலர். அதே அளவுப் புது டி.வி. வாங்குகிறவர் கட்டியது 8 டாலர். ஆக, ஒரு பழைய பெட்டியை ஒழிக்க ஐந்துக்கும் மேற்பட்டவர்கள் புதிதாகத் திரை வாங்கியாக வேண்டும்.

ஆச்சரியம் என்னவென்றால், வாங்கினார்கள். வீட்டுக்கு ஒரு டி.வி. என்றிருந்தது அறைக்கு ஒன்றானது. மடிக்கணினி ஆளுக்கு ஒன்றானது. ஆனால் பழைய பெட்டிகளும் சும்மா இருக்கவில்லை. தட்டைத் திரை விலை இறங்க இறங்க, மக்கள் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யையே தூக்கிப் போட்டார்கள். 2009 ஜூன் 12-ல் அமெரிக்கா பழைய அனலாக் ஒளிபரப்பையும் நிறுத்தியது. விற்பனையோ பொருளாதார மந்தத்தில் சுருங்கியிருந்தது. நிதி வற்றிப்போகும் என்று கண்டு, அந்த வருடம் கட்டணத்தை 8, 16, 25 டாலர் என்று ஒரேயடியாக ஏற்றினார்கள். பெரிய திரைக்கு இரண்டரை மடங்கு! பிறகு கையிருப்பு சேர்ந்ததும் 2011-ல் பழையபடி 6, 8, 10. 2013-ல் 3, 4, 5. மறுபடி 2017-ல் 5, 6, 7. 2020-ல் 4, 5, 6. இந்த ஏற்ற இறக்கத்தைத் தடுமாற்றம் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அது நேர்மையாகப் படுகிறது. குப்பையின் உண்மை விலை இவ்வளவு ஆடுகிறது என்று பில்லே காட்டிவிடுகிறது. விலைக்குள் மறைத்த ஊர்களில் இது யார் கண்ணுக்கும் படுவதில்லை.

பவுண்டுக்குக் காசு என்றதும் இன்னொன்றும் நடந்தது. பக்கத்து மாநிலங்களான அரிசோனாவிலும் நெவாடாவிலும் இப்படிக் கட்டணமும் இல்லை, பழைய டி.வி.க்குப் பணமும் இல்லை. அங்கே தொல்லையாகக் கிடந்த அதே பெட்டி, எல்லையைத் தாண்டியதும் பணம். கலிஃபோர்னியாவில் கழிக்கப்பட்ட திரைக்குத்தான் பணம் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. கொடுத்தவர் பெயர், முகவரியோடு பதிவேடு வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பதிவேட்டில் பேனா ஓட எவ்வளவு நேரம் ஆகும்? வெளிமாநில டியூப்கள் லாரி லாரியாக வந்து பணமானதை சாக்ரமென்டோ பீ நாளிதழ் 2010-ல் விரிவாக எழுதியது. தணிக்கையாளர்கள் கோரிக்கைகளை மறுத்தார்கள், வழக்குகள் நடந்தன. 90 பவுண்டுப் பெட்டியின் முதுகில் ஊர்ப் பெயர் எழுதியிருப்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

குறைகள் இருந்தாலும் பணம் வேலை செய்தது. 200 கோடி பவுண்டுக்கும் மேல் பழைய திரைகள் இந்த ஏற்பாட்டில் வந்து சேர்ந்தன. கொண்டுபோய்க் கொடுப்பவரிடம் யாரும் காசு கேட்பதில்லை என்பதே பெரிய காரணம்.

வந்த பெட்டியை என்ன செய்கிறார்கள்? பின்மூடியைத் திருகு கழற்றி எடுப்பது முதல் வேலை. டியூபுக்குள் இருப்பது வெற்றிடம். அப்படியே தட்டினால் உள்நோக்கி வெடித்துக் கண்ணாடி பறக்கும். ஆகவே கழுத்தின் முனையில் மெல்ல ஓட்டை போட்டுக் காற்றை உள்ளே விடுவார்கள். சின்னதாக ஒரு சீறல் கேட்கும். பிறகு கழுத்தைச் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச்சுருளை உருவுவார்கள். மொத்தப் பெட்டியிலும் கையில் காசாக நிற்பது பெரும்பாலும் இதுவும் சர்க்யூட் போர்டும்தான். டியூபின் இடுப்பைச் சுற்றிய இரும்புப் பட்டையை வெட்டி, முகப்பும் புனலும் சேரும் கோட்டில் கம்பி ஒன்றைக் கட்டி மின்சாரத்தால் பழுக்கச் சூடேற்றினால், சூட்டு வேறுபாட்டில் கண்ணாடி அந்தக் கோட்டோடு விண்டு இரண்டாகும். உள்ளே துளையிட்ட உலோகத் தகடு இருக்கும், எடுத்துவிடலாம். முகப்பின் உட்புறம் பூசிய ஃபாஸ்பர் தூளை உறிஞ்சியால் இழுப்பார்கள். துத்தநாக சல்ஃபைடு, சிவப்பு நிறத்துக்கான யிட்ரியம், யூரோப்பியம் எல்லாம் அந்தத் தூளில்தான். மிஞ்சுவது கண்ணாடி: ஈயம் இல்லாதது ஒரு குவியல், ஈயம் உள்ளது ஒரு குவியல்.

அந்த இரண்டாவது குவியல்தான் ஏற்பாட்டின் கழுத்தைப் பிடித்தது. ஈயக் கண்ணாடியை உருக்கி மறுபடி என்ன செய்யலாம் என்றால், இன்னொரு பிக்சர் டியூப் செய்யலாம். வேறு எதற்கும் யாரும் அவ்வளவாக விரும்புவதில்லை. 2000-களின் தொடக்கத்தில் டியூப் தொழிற்சாலைகள் இந்தக் கண்ணாடிக்கு டன்னுக்கு 200 டாலருக்கு மேல்கூடக் கொடுத்தன. உலகம் தட்டைத் திரைக்கு மாறியதும் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 2013 வாக்கில், கண்ணாடியை எடுத்துக்கொள்ளச் சொல்லி மறுசுழற்சிக்காரர்களே டன்னுக்கு 200 டாலருக்கு மேல் கொடுக்கும் நிலை. கடைசிவரை வாங்கிக்கொண்டிருந்த பெரிய உலை எங்கே இருந்தது தெரியுமா? குஜராத்தின் பரூச்சில், வீடியோகான் கம்பெனியுடையது. கலிஃபோர்னியாக்காரர் கட்டிய 8 டாலர், பசிபிக் கடலைத் தாண்டி நர்மதைக் கரையில் இருந்த ஓர் உலையை நம்பிக்கொண்டிருந்தது. 2010-களின் பிற்பாதியில் அந்த வழியும் அடைபட்டது.

ஈய உருக்காலைகள் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கனடாவின் டிரெயில் நகரில் இருப்பது அப்படி ஒன்று. மிஸௌரியில் ஹெர்குலேனியம் ஊரிலிருந்த பெரிய உருக்காலையோ 2013 முடிவில் மூடப்பட்டது. கலிஃபோர்னியாவிலிருந்து போன கண்ணாடி அரிசோனாவின் யூமாவில் குவிந்து கிடந்தது. ஒஹையோவின் கொலம்பஸிலும் அரிசோனாவின் ஃபீனிக்ஸிலும் கிடங்கு வைத்து, உலை கட்டப் போகிறேன் என்று பல மாநிலங்களின் கண்ணாடியைக் காசோடு வாங்கிச் சேர்த்த ஒரு நிறுவனம், 2016-ல் பல்லாயிரம் டன்னை அப்படியே விட்டுவிட்டுக் காணாமல் போனது. கட்டட உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். கலிஃபோர்னியா 2012-லேயே யதார்த்தத்துக்கு இறங்கி வந்து, வாங்க ஆளில்லாத கண்ணாடியை அதற்கென்ற அபாயக் கழிவுக் கிடங்கில் புதைக்கலாம் என்று விதியைத் தளர்த்தியது. பணம் திரட்டுவது வேறு, பொருளுக்குப் போக்கிடம் தேடுவது வேறு. முதலாவதைச் சட்டம் செய்யும். இரண்டாவதைச் சந்தைதான் செய்ய வேண்டும், அது எப்போது கைவிரிக்கும் என்று தெரியாது.

தட்டைத் திரை வந்ததால் தலைவலி தீர்ந்ததா? எடை குறைந்தது, வேலை கூடியது. 2010-ஐ ஒட்டி எல்.இ.டி. விளக்குகள் பரவும்வரை, எல்.சி.டி. திரைகளுக்குப் பின்னால் ஒளி கொடுத்தவை பென்சிலைவிட ஒல்லியான கண்ணாடிக் குழல்கள். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம். பெரிய டி.வி.யில் பத்து, இருபது குழல்கள் வரிசையாக. அவற்றை உடையாமல் எடுக்க வேண்டும். உடைந்தால் ஆவி முதலில் போவது பிரிக்கிறவரின் மூக்குக்குள். திரையில் பூசிய இண்டியம் அருமையான உலோகம்தான், ஆனால் ஒரு டி.வி.யில் இருக்கும் அளவு பிரித்தெடுக்கும் கூலிக்குக் காணாது. ஒரு 32 அங்குலப் புதுத் திரை பத்துப் பன்னிரண்டு பவுண்டு. பவுண்டுக் கணக்கில் பார்த்தால் கிடைப்பது அற்பம், பிரிக்க ஆகும் நேரமோ பழைய பெட்டிக்கு ஆனதைவிடக் குறைவில்லை. அதனால் பிக்சர் டியூபுக்கு ஒரு விகிதம், மற்றத் திரைகளுக்கு அதைவிட உயர்ந்த விகிதம் என்று பிரித்தார்கள். 2022-ல் ஓ.எல்.இ.டி. திரைகளும் பட்டியலில் சேர்ந்தன.

வாங்குகிறவர் கட்டும் கட்டணத்தின் பெரிய ஓட்டை இதுதான்: நான்கு திருகில் கழன்றுவரும் டி.வி.க்கும், பசை போட்டு ஒட்டிப் பிரிக்கவே முடியாத டி.வி.க்கும் ஒரே தொகை. நன்றாகச் செய்தவனுக்கு லாபமில்லை, மோசமாகச் செய்தவனுக்கு நட்டமில்லை. உற்பத்தியாளர் பொறுப்பு என்பவர்கள் இதைத்தான் காலமெல்லாம் சொல்லிக் காட்டுகிறார்கள். நியாயமான குற்றச்சாட்டு. ஆனால் அந்த வழியில் போன மாநிலங்களிலும் வடிவமைப்பு பெரிதாக மாறிவிடவில்லை. வருடத்துக்கு இத்தனை பவுண்டு எடு என்று கம்பெனிகளுக்கு இலக்கு வைத்தார்கள். கனமான பழைய டி.வி.க்களிலேயே இலக்கு சீக்கிரம் நிறைந்தது. நிறைந்ததும் கம்பெனிகள் பணத்தை நிறுத்தின, சேகரிப்பு மையங்கள் மீதி வருடத்துக்குக் கதவைச் சாத்தின. அங்கேயும் எடைதான் காலை வாரியது.

இந்தியா எடுத்திருப்பதும் உற்பத்தியாளர் பொறுப்பு வழிதான். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் கிலோக் கணக்கில் சான்றிதழ் உண்டாக்குவார், கம்பெனிகள் அதை வாங்கித் தங்கள் இலக்கைக் காட்ட வேண்டும். சான்றிதழ் விலை அடிமாட்டு விலைக்குப் போகக் கூடாது என்று, நுகர்வோர் மின்னணுப் பொருளுக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. பெரிய கம்பெனிகள் சில அதை எதிர்த்து டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. தமிழ்நாட்டுக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் 14 அங்குலப் பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. எல்லாம் பிக்சர் டியூப். ஒன்று பத்துக் கிலோ என்று வைத்தாலும் ஒன்றரை லட்சம் டன்; 22 ரூபாய் வீதம் போட்டால் 330 கோடி ரூபாய். இந்த எடைக்குப் பில்லில் யாரும் கட்டணம் கட்டவில்லை, ஏனென்றால் பில்லே இல்லை. காயலான் கடைகளில் அதன் கதி தெரிந்ததே. கழுத்தில் ஒரு தட்டு, செம்புச்சுருள் தனியே, போர்டு தனியே, கண்ணாடி கிடந்த இடத்தில்.

கலிஃபோர்னியாவோ தன் பழைய ஏற்பாட்டையே இன்னொரு பொருளுக்கு நீட்டியிருக்கிறது. 2022-ல் நிறைவேறிய சட்டப்படி, 2026 ஜனவரி 1 முதல், எளிதில் கழற்ற முடியாதபடி பேட்டரி உள்ளே வைத்து மூடிய சாதனங்களுக்கும் வாங்கும்போதே கட்டணம். இந்த முறை அங்குலத்தை விட்டுவிட்டார்கள்: விலையில் நூற்றுக்கு ஒன்றரை, அதிகபட்சம் 15 டாலர். காதில் செருகும் இயர்பட், மின்சாரப் பல்துலக்கி போன்றவை இதில் வரும். ஒரு ஜோடி இயர்பட்டின் எடை சில கிராம். அதற்குள் இருக்கும் லித்தியம் பேட்டரி நசுங்கினால் குப்பை லாரியே தீப்பிடிக்கும், ஆனால் எடைபோட்டுக் காசு கொடுத்தால் அதைச் சேகரிக்க எவரும் குனியக்கூட மாட்டார்கள். வசூலிக்க வழி கண்டாகிவிட்டது. தராசை வைத்துக்கொண்டு அதை எப்படிச் செலவழிப்பது என்ற கணக்கை இனிமேல்தான் போட வேண்டும்.